இரண்டு கைப்பிடிப் பட்டை

போன மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம். நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் காட்டினால் செல்லுக்குள் இருக்கிற புள்ளிகளை அதுவே எண்ணிச் சொல்லிவிடுகிறதாம். "அக்கா, உங்க பழைய நோட்டை எடுத்து ஒத்துப் பாத்தோம். நீங்க எண்ணினதும் அது எண்ணினதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றாள் இப்போது என் இடத்தில் வேலை செய்கிற பெண்.

"அப்ப கம்ப்யூட்டர் நல்லாத்தான் எண்ணுதுன்னு சொல்லு" என்றேன்.

சிரித்துவிட்டு, ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்றாள். என் கெட்டிக்காரத்தனத்தை எழுதினால் அரைப் பக்கம் தேறாது. நான் செய்த தப்பை எழுதினால் நாலு பக்கம் தாராளமாக வரும். அதனால் அதையே எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. ஊர் ஆம்பூர். அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை பார்த்தவர். நான் வேலூரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்து, டெக்னீஷியனாகி, முப்பத்தோரு வருடம் கழித்து ஓய்வு பெற்றேன். தினமும் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில். கழுவுவதிலிருந்து கற்றுக்கொள்வதற்கு நாலு வருடம் ஆனது. அந்த நாலு வருடத்தில் உடைத்த சாமான்களைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை ரத்தக் குழாயின் உள் உறையைப் பற்றியது. குழாயின் உட்புறம் முழுக்க, தலையிலிருந்து கால் வரைக்கும், ஒரே ஒரு அடுக்குச் செல் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது. அந்தப் பாய் நன்றாக இருந்தால் ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடும். பாய் கிழிந்தால் அடைப்பு, வீக்கம், ஆறாத புண் என்று தொல்லைகள் வரிசை கட்டும். அந்தச் செல்லை உயிருள்ள மனிதரிடமிருந்து உரித்தெடுக்க முடியுமா? முடியாது. அதனால் பிரசவ வார்டில் குழந்தை பிறந்த பிறகு தூக்கிப் போடுகிற தொப்புள்கொடியிலிருந்து எடுப்போம்.

அதற்கு முதலில் தாயிடம் கையெழுத்து வாங்கவேண்டும். தாய்மார்கள் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள். மாமியார்கள்தான் விசாரணை வைப்பார்கள். சோளிங்கர் பக்கத்து அம்மாள் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கொடிய எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க? தாயத்துல போட எங்களுக்கு வேணாமா?" தாயத்துக்கு வேண்டியது குழந்தையோடு ஒட்டியிருக்கிற துண்டுதான், அது காய்ந்து விழுந்ததும் அவர் வீட்டுக்கே வந்துவிடும், எனக்கு வேண்டியது மிச்சம் என்று புரியவைத்தேன். அந்த அம்மாள் நன்றாக யோசித்துவிட்டு, "அப்ப மிச்சத்த ஃபுல்லா எடுத்துக்கோ" என்றார்.

கொடியை ஐஸில் வைத்து எடுத்து வருவேன். முறுக்கின கயிறு மாதிரி இருக்கும் அதில் மூன்று குழாய். அகலமானது சிரை. அதன் ஒரு முனையில் மெல்லிய குழலைச் செருகிக் கட்டி, உள்ளே இருக்கிற ரத்தத்தை உப்புநீர் விட்டு அலசி, பிறகு நொதிக் கரைசலை நிரப்பி இரண்டு முனையையும் இறுக்கிவிடவேண்டும். அந்த நொதி, உறையை மெதுவாகக் குழாயிலிருந்து கழற்றிவிடும். நேரம்தான் இதில் சூட்சுமம். கம்மியாக வைத்தால் செல் கழன்று வராது. ஜாஸ்தியாக வைத்தால் அடியில் இருக்கிற தசைச் செல்லும் சேர்ந்து வந்து, செல் வளர்க்கிற கண்ணாடித் தட்டையே நாசமாக்கிவிடும். அப்பா தோலை நொதித் தொட்டியில் போட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து எடுத்தவர். நான் கொடியை அழுத்திப் பார்த்து எடுத்தவள். வீட்டில் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசினால் அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள்.

எங்கள் தலைவி டாக்டர் லலிதா. ஒல்லியான உருவம், சர்க்கரை இல்லாத டீ. துப்புரவுப் பணியாளர் முதல் மேலதிகாரி வரை எல்லாருக்கும் 'நீங்க'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தயவுசெஞ்சு" என்று ஆரம்பித்தாரென்றால் அன்றைக்கு நாம் தொலைந்தோம். 'தப்பு' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "சரி, இன்னொரு தடவை பாப்போமா?" என்பார். அந்த இன்னொரு தடவை சில சமயம் ஆறு மாதம் ஓடும்.

அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். எந்தத் தட்டில் எந்த மருந்து என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்குப் பிடித்த பக்கம் சாயும். அதனால் தட்டுகளின் மேல் அவரே காய்கறிப் பெயரை எழுதி ஒட்டுவார். கத்திரி, வெண்டை, புடலை, பீர்க்கு. எது எந்த மருந்து என்ற பட்டியல் ஒரு கடித உறைக்குள் ஒட்டி மூடப்பட்டு அவருடைய மேஜை இழுப்பறையில் இருக்கும். எண்ணி முடித்த பிறகுதான் உறை பிரியும். எங்கள் இடத்துக்குப் புதிதாக வந்தவர்கள், "புடலை செத்துப்போச்சு மேடம்" என்று நான் சொல்வதைக் கேட்டுத் திகைத்திருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்பு நஸ்ரீன் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அவளும் ஆம்பூர்க்காரி. அவளுடைய அப்பா, அவள் 'அத்தா' என்பாள், ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். சர்க்கரை நோய், காலில் ஒரு புண் வருடக் கணக்கில் ஆறாமல் கிடந்தது. அத்தாவுக்காகத்தான் அவள் இந்தத் துறைக்கே வந்தாள். சர்க்கரை ஏறின ரத்தத்தில் உள் உறைச் செல் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பது அவள் கேள்வி.

அவள் எடுத்துக்கொண்டது ஆட்டோஃபேஜி. செல் தனக்குள் சேருகிற குப்பையை, பழுதான பாகங்களை, பையில் கட்டி எடுத்துப்போய்ச் செரித்து, அதிலிருந்தே புதுச் சாமானும் செய்துகொள்கிற வேலை அது. உள் உறைச் செல்லுக்கு இது ரொம்ப முக்கியம். குப்பை தேங்கினால் பாய் மக்கிவிடும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குப்பைப் பையும் ஒரு பச்சைப் புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளிகளை எண்ணுவது என் வேலை.

சர்க்கரை ஜாஸ்தியான தட்டில் புள்ளி குறைவாக இருந்தது. செல் குப்பை பொறுக்குவதில் சோம்பல்பட்டது என்று அர்த்தம். இந்தச் சோம்பலை ஆவாரம்பூச் சாறு போக்குமா என்று பார்க்க நஸ்ரீன் விரும்பினாள். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று நம் பக்கத்தில் சொல்லாதவர் யார்? சாறு எடுக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் தம்பியின் நிலத்து வேலியோரம் முழுக்க ஆவாரைதான்.

பூவைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்துத் தூளாக்கி ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரே தொகுதியாகத் தயாரித்துக் கொடுத்தேன். நஸ்ரீன் அதில் ஒரு வருடம் வேலை செய்தாள். சாறு விட்ட தட்டில் புள்ளிகள் எக்கச்சக்கமாக ஏறின. எனக்கு அது வெண்டை என்றுதான் தெரியும். உறை பிரிந்ததும் நஸ்ரீன் என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, உங்க வேலி ஆவார செல்லுக்கே துடப்பம் குடுத்துருக்கு" என்றாள். ஒரு மாநாட்டில் இதைப் பேச அவளுக்கு அனுமதி கிடைத்து, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. வெண்டைத் தட்டில் புள்ளிகள் வழக்கத்தைவிடப் பருத்திருந்தன. செல்லின் ஓரங்களும் ஒழுங்காக இல்லை. ஆனால் நோட்டில் எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருந்தது. எண்ணை எழுதிவிட்டு மூடினேன்.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, திருப்பத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். எங்கள் தெருமுனையில் பாலம் வேலை நடந்ததால் குப்பை லாரி உள்ளே வரமுடியாமல் பத்து நாள் ஆகியிருந்தது. காலையில் கூட்டுகிறவர்கள் மட்டும் வந்து கூட்டி, மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உங்க தெருவுல சோக்கா கூட்டறாங்க அண்ணி. எம்மாம் மூட்ட கட்டி வெச்சிருக்காங்க பாரு" என்றாள்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கூட்டறது எப்பயும் கூட்டறதுதான். அள்ளிக்கினு போறதுக்குத்தான் லாரி வரல. அதான் ஜாஸ்தியா தெரியுது" என்றார்.

எனக்கு அடுப்பில் இருந்த குழம்பு மறந்துபோனது. பருத்த புள்ளிகள் கண் முன்னே வந்து நின்றன. பை நிறைய இருக்கிறது என்றால் துப்புரவு ஜோராக நடக்கிறது என்றுதானே நினைத்தோம்? பையைச் செரிக்கிற இடம் அடைத்துக்கொண்டாலும் பைகள் இப்படித்தானே குவியும்?

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். குப்பை மூட்டைக் கதையைத்தான் சொன்னேன், எனக்கு வேறு பாஷை தெரியாது. அவர் டீயைக் கீழே வைத்தார்.

"கஸ்தூரி, இதுக்கு ஒரு சோதனை இருக்கு. அதுக்கான மருந்து வெளிநாட்டுலேர்ந்து வரணும். வரட்டும், மாநாட்டுக்கு அப்புறம் செஞ்சுக்கலாம்னு விட்டது நான்தான். நஸ்ரீனைக் கூப்பிடுங்க."

வெளிநாட்டு மருந்துக்குக் காத்திராமல் பக்கத்துத் துறையிலிருந்து குளோரோகுயின் வாங்கி வந்தோம். மலேரியாவுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். அது செல்லுக்குள் குப்பை செரிக்கிற இடத்தை அடைத்துவிடும். சோதனை இதுதான்: லாரி ஓடிக்கொண்டிருக்கிற தெருவில் வழியை அடைத்தால் மூட்டை ஏறவேண்டும். ஏற்கெனவே லாரி நின்றுபோன தெருவில் அடைத்தால் ஒன்றும் மாறாது.

காய்கறி ஒட்டி, எண்ணி, உறை பிரித்தோம். சாதாரணத் தட்டில் புள்ளி ஏறியிருந்தது. சாறு விட்ட தட்டில் அசையவே இல்லை. சாறு துடைப்பம் கொடுக்கவில்லை, லாரியை நிறுத்தியிருந்தது.

நஸ்ரீன் அழவில்லை. காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பூ எப்டி மேடம் அடைக்கும்? பூவுல இருக்கிற எதுவும் இந்த மாதிரி பண்ணாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரும் அவளும் பூவில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு போனார்கள். நான் சுவரோரம் நின்றேன். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால் அந்தச் சாற்றில் பூ மட்டும் இல்லை.

காய்ச்சுகிற அன்றைக்கு, வேலி ஆவாரையிலிருந்தே சீவிய பட்டை இரண்டு கைப்பிடி சேர்த்துப் போட்டிருந்தேன். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. டேனரி வீட்டில் பிறந்தவளுக்கு ஆவாரையின் சத்து பட்டையில்தான். பூ என்ன பூ, போகிக்கு வாசலில் செருகுகிற பூ. செத்த ஆட்டின் தோலையே வருடக் கணக்கில் அழுகாமல் காக்கிற பட்டை, உயிரோடு இருக்கிற ரத்தக் குழாயைக் காக்காதா? இப்படி ஒரு வைத்தியம் என் மண்டைக்குள் ஓடியிருக்கிறது. பழமொழியில்கூட 'பூத்திருக்க' என்றுதான் இருக்கிறது, பட்டை என்று எவனும் சொல்லவில்லை. நோட்டில் 'ஆவாரம்பூ' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

மறுநாள் ரயிலில் ஆம்பூரிலிருந்து காட்பாடி வரைக்கும் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பூ அடைக்கிறது என்று நஸ்ரீன் எழுதிவிடுவாள். அது பொய் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பெண் தன் அத்தாவின் காலை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிற ஆய்வு அது. குடியாத்தம் தாண்டும்போது வழக்கில் தோற்றுவிட்டேன்.

டாக்டர் அறையில் நஸ்ரீனையும் வைத்துக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவை எடுத்தார்.

"எவ்வளவு பட்டை?"

"ரெண்டு கைப்பிடி மேடம்."

"யாரோட கைப்பிடி?"

"என்னோடதுதான்."

"தயவுசெஞ்சு நாளைக்கு அதே வேலியிலேர்ந்து பட்டை கொண்டு வாங்க."

அந்தத் 'தயவுசெஞ்சு'வைக் கேட்டதுமே தொலைந்தேன் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் பட்டையைக் கொண்டுபோனேன். அவர் தராசின் மேல் தட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்குப் போட்ட மாதிரியே போடச் சொன்னார். போட்டேன். எடை எழுதினார். கொட்டிவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். மொத்தம் ஐந்து தடவை. சராசரி எடுத்து அடிக்கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார். "முப்பது வருஷம் செல்லை வளர்த்தீங்க. கடைசியில அதைத் தோல் மாதிரி பதப்படுத்திட்டீங்களே கஸ்தூரி" என்றார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நஸ்ரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவேண்டும்? ஒரு வருடம் போனது அவளுக்கு. என் எதிரிலேயே மாநாட்டுக்குக் கடிதம் எழுதிப் பேச்சை வாபஸ் வாங்கினாள். அதன் பிறகு நாலு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ரயில், அவள் வேறு பெட்டியில் ஏறினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பேஜாரான நாலு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் துணிப்பை ஒன்றை என் மேஜையில் வைத்தாள். உள்ளே ஆவாரம்பூ. அவளே எங்கோ போய்ப் பறித்திருந்தாள்; விரலெல்லாம் கீறல்.

"நீங்களே காய்ச்சுங்க அக்கா" என்றாள்.

"என்ன நம்புறியா?"

"இல்ல. நான் பக்கத்துலயே நிக்கப்போறேன்."

நின்றாள். காம்பு ஒன்று கூடுதலாக விழுந்தாலும் எடுத்துப் போட்டாள். பூ மட்டும் ஒன்று, பட்டை மட்டும் ஒன்று, என் கைப்பிடிக் கணக்கில் கலந்தது ஒன்று என்று மூன்று சாறு தயாரித்தோம். மூன்றாவது நாள் என் டிபன் பாக்ஸிலிருந்து கேட்காமலே ஒரு இட்லியை எடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பசித்தது.

மூன்று மாதம் போனது. டாக்டர் இந்தத் தடவை காய்கறிகளை நம்பவில்லை. எனக்கு வெண்டையைப் பார்த்தாலே பயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மளிகைக்கு மாறினார். கடுகு, சீரகம், மிளகு, தனியா. எண்ணும்போது நோட்டில் நானே ஒரு புதுக் கட்டம் போட்டு, 'பார்வைக்கு எப்படி' என்று தலைப்பு எழுதி, தோன்றியதை எல்லாம் எழுதினேன்.

உறையை நஸ்ரீனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார் டாக்டர். பட்டைச் சாறு அடைத்திருந்தது. கலப்புச் சாறும் அடைத்திருந்தது. பூ மட்டும் போட்ட தட்டில், குளோரோகுயின் விட்டதும் புள்ளிகள் ஏறியிருந்தன. கொஞ்சம்தான். சர்க்கரைத் தட்டைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். முதல் தடவை குதித்த குதி இதில் இல்லை.

"கம்மிதான் மேடம்" என்றாள் நஸ்ரீன்.

"கம்மிதான். ஆனா இருக்கு" என்றார் டாக்டர். "சரி, இன்னொரு தடவை பாப்போமா?"

இன்னொரு தடவை பார்த்தோம். அப்போதும் இருந்தது. அவளுடைய அத்தா, "அப்ப நான் பூவ காய்ச்சிக் குடிக்கலாமா?" என்று கேட்டாராம். "இது கண்ணாடித் தட்டுல இருக்கற செல்லுக்கு அத்தா. ஒங்களுக்கு டாக்டர் குடுத்த மாத்தரதான்" என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பதிலைக் கேட்டபோது இந்தப் பெண் உருப்பட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வேட்டை எழுதி முடிக்கும்போது என் கடைசி மாதம். ஒரு மதியம் அச்செடுத்த தாள்களோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, செய்முறைப் பகுதியில மொதத் தொகுதிய பத்தி எழுதியாகணும். பட்டை கலந்துபோச்சுன்னு. ஆனா உங்க பேர் போடல. 'ஒரு டெக்னீஷியன்'னு போட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது."

வாங்கிப் படித்தேன். இங்கிலீஷில் நாலே வரி. எடை, கைப்பிடியின் சராசரி, எந்த வேலி, எல்லாம் சரியாக இருந்தது.

"என் பேர போடு" என்றேன்.

"இன்னாக்கா, தப்புக்கா பேர் போடுவாங்க?"

"இத்தன வருஷமா நன்றி சொல்ற பக்கத்துல என் பேர் வந்துக்கினுதான் இருக்குது. அந்தப் பக்கத்த யாரும் படிக்கறதில்ல கண்ணு. இது செய்முறை. இந்த வேலைய திரும்ப செய்யணும்னு நெனைக்கறவன் இத படிச்சே ஆகணும். போடு."

போட்டாள். எழுபத்து மூன்றாம் பக்கம், கீழிருந்து ஆறாவது வரி.